வாளும் மந்திரமும்

சென்ற ஆண்டு சூன் மாதம் முதல் எங்கள் வீட்டு உணவு மேசைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வில்லை. காலைத் திருப்பலி முடிந்து, சிற்றுண்டி உண்டு, தட்டுகளை எடுத்து வைப்பதற்குள் பேத்தியின் நண்பர்கள் வந்து மேசையைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கட்டமிட்ட தாள்கள், பென்சில்கள், நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள். தாயக்கட்டையை மட்டுமே அறிந்திருந்த எனக்கு அந்த இருபது முகப் பகடை முதலில் ஒரு நெல்லிக்காயைப் போலத்தான் தோன்றியது.

விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பலகை இல்லாமலே இதை ஆடலாம். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் அக்கதையின் மாந்தர்கள். "குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். ஒவ்வொருவரும் தாம் செய்ய நினைப்பதைச் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். எண் கூடினால் செயல் கைகூடும்; குறைந்தால் பிழைத்துப் போகும். ஒரு கதை முடிய மாதக்கணக்கு ஆகலாம். சேலையூரில் உள்ள எங்கள் வீட்டில் கதையை நடத்துபவள் என் பேத்தி, இளைய மகனின் மகள், கல்லூரியில் படிக்கிறாள்.

கதையில் மந்திரவாதி வருகிறான் என்று கேள்விப்பட்டதும் என் மனம் சற்றுக் கலங்கியது உண்மை. கத்தோலிக்க இல்லத்தில் மந்திரமா என்று எண்ணினேன். 1980களில் அமெரிக்காவில் சில கிறிஸ்தவ அமைப்புகளும் இதே அச்சத்தால் இவ்விளையாட்டை எதிர்த்தன என்று பிறகு அறிந்தேன். ஆனால் சில வாரங்கள் நாற்காலியில் அமர்ந்து கவனித்தபோது, கூத்து மேடையில் அரக்கன் வேடம் கட்டுபவன் அரக்கன் ஆகிவிடுவதில்லை என்பது போலத்தான் இதுவும் என்று விளங்கிற்று. இவ்விளையாட்டில் வரும் குள்ளர்களும் எல்ஃபுகளும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் கதைகளின் வழியாக வந்தவர்கள். அவரோ நம் திருச்சபையின் பற்றுள்ள மகன். நான் சமாதானமானேன். அன்றியும், இந்த ஆட்டத்தில் வீரன், மந்திரவாதி என்பவர்களோடு, செபத்தால் காயங்களைக் குணமாக்கும் குருவானவர் என்றொரு பாத்திரமும் உண்டு. மறையுரையின்போது தவறாமல் கண்ணயரும் அடுத்த தெருப் பையன்தான் எங்கள் மேசையில் அந்தக் குருவானவர்.

போர்வீரனாக ஆடியவன் என் மூத்த மகனின் மகன். பெருங்களத்தூரிலிருந்து வண்டியில் வருவான். டிப்ளமா முடித்து, மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முறை வேலை பார்க்கிறான். வாரத்தில் ஆறு நாள் இயந்திரங்களோடு நின்றுவிட்டு ஏழாம் நாள் இங்கே வந்து வாளேந்துவான். மந்திரவாதியாக ஆடியவள் பேத்தியின் கல்லூரித் தோழி.

தொடக்கத்தில் ஆட்டம் அவனுடையதாகவே இருந்தது. முதல் நிலையில் மந்திரவாதி மிக மெலிந்தவள். கவசம் அணியத் தெரியாது. ஒரு நாளில் இரண்டே மந்திரங்கள் சொல்லலாம். பிறகு சிறு தீப்பொறி எறிவதோடு சரி. ஓநாய் ஒன்று கடித்தாலே வீழ்ந்துவிடுவாள். ஆகவே எப்போதும் வீரனின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். "அண்ணா, என் முன்னாடியே நில்லுங்க" என்று அவள் கெஞ்ச, இவன் கேடயத்தை உயர்த்திக்கொண்டு நிற்பதாகச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரியும். அந்த மலர்ச்சியைக் காணவே நான் செய்தித்தாளை மடக்கி வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்தேன்.

செப்டம்பர் மாதவாக்கில் அனைவரும் ஐந்தாம் நிலையை எட்டினார்கள். அன்று முதல் ஆட்டத்தின் போக்கு மாறிற்று. ஐந்தாம் நிலையில் மந்திரவாதிக்குத் தீக்கோளம் என்னும் மந்திரம் கைவருகிறது. எட்டுப் பகடைகளை ஒன்றாக உருட்டி, இருபது அடி ஆரத்துக்குள் நிற்கும் பகைவர் அனைவரையும் ஒரே நொடியில் பொசுக்கிவிடலாம். அதே நிலையில் வீரனுக்குக் கிடைப்பது ஒரு முறைக்குப் பதிலாக இரு முறை வாள்வீசும் உரிமை. ஒரு வீச்சு ஒருவனுக்கே. பூட்டிய கதவை உடைப்பதும் முன்பு அவன் வேலையாக இருந்தது; இப்போது அவள் ஒரு சொல் சொன்னால் பூட்டு திறக்கிறது. பள்ளத்தைத் தாண்டுவதும் அவன் வேலையாக இருந்தது. இப்போது அவள் பறந்து போகிறாள். அவன் வாளை உருவி நான்கு எட்டு வைப்பதற்குள் சண்டை முடிந்துவிடுகிறது.

மூன்று ஞாயிறுகள் அவன் பெரும்பாலும் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். நான்காம் ஞாயிறு வாசல்வரை வழியனுப்பச் சென்ற என்னிடம், "தாத்தா, அடுத்த வாரம் நான் வரல" என்றான்.

"ஏன்டா, டூட்டியா?"

"டூட்டி இல்ல. அங்க எனக்கு வேலை இல்ல. நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். கணக்குச் சொல்வது போலச் சொன்னான். அந்தக் குரல் எனக்கு நன்கு பழக்கமான குரல். அவன் தகப்பனுடைய குரல் அது.

பேத்தியிடம் சொன்னேன். அவள் முதலில் வருந்தினாள். பிறகு ஆராயத் தொடங்கினாள். ஐம்பது ஆண்டுகளாக உலகெங்கும் இந்த ஆட்டத்தை ஆடுபவர்கள் இதே சிக்கலை விவாதித்து வருகிறார்கள் என்று இரண்டு நாள் கழித்து வந்து சொன்னாள். வீரன் படிப்படியாக வளர்கிறான். மந்திரவாதியோ பன்மடங்காகப் பெருகுகிறான். இவ்விருவரையும் ஒரே மேசையில் எப்படி உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி. நாற்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்த நான் அன்று மாணவனாக உட்கார்ந்து கேட்டேன். அவள் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974 இல் இந்த விளையாட்டை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டவை ஆயிரம் பிரதிகளே. அவர்கள் சமநிலையைக் காலத்திடம் ஒப்படைத்தார்கள். தொடக்கத்தில் மந்திரவாதிக்கு ஒரு நாளுக்கு ஒரே மந்திரம். அடுத்த நிலைக்கு ஏற வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளிகள் போதும். மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். 1970களின் பிற்பகுதியில் வந்த விரிவான விதிகளில், மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஓர் அடி விழுந்தால் அம்மந்திரம் பாழ். வீரன் ஒன்பதாம் நிலையை அடைந்து கோட்டை கட்டினால், அவன் பெயரைக் கேட்டுப் படைவீரர்கள் தாமாகவே வந்து சேர்வார்கள். அதாவது, முதுமையில் மந்திரவாதிக்கு ஆற்றல் இருக்கும். வீரனுக்கு மனிதர்கள் இருப்பார்கள்.

2000 இல் வந்த மூன்றாம் பதிப்பு கணக்கை எளிமையாக்கியது. அனைவருக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணை. அடிபட்டாலும் மந்திரத்தைக் காத்துக்கொள்ள வழிகள் பிறந்தன. வீரனைத் தேடி வந்த அந்தப் படையோ அவனுக்குரிய இயல்பான உரிமையாக இல்லாமற் போயிற்று. பார்வைக்கு எல்லாரும் சமம். ஆட்டத்திலோ மந்திரவாதி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டான். இதைச் சரிசெய்ய 2008 இல் வந்த நான்காம் பதிப்பு வேறொரு வழியைக் கண்டது. வீரன், மந்திரவாதி எவராயினும் எப்போதும் செய்யத்தக்கவை, ஒரு சண்டைக்கு ஒரு முறை செய்யத்தக்கவை, ஒரு நாளைக்கு ஒரு முறை செய்யத்தக்கவை என்று ஆற்றல்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. கணக்கு நேராயிற்று. ஆனால் வாளும் மந்திரமும் ஒரே சுவையாகிவிட்டன என்று பலர் குறைபட்டார்கள். 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பு வாளை வாளாகவும் மந்திரத்தை மந்திரமாகவும் மீண்டும் பிரித்தது. 2024 இன் திருத்தத்தில், வீரன் தான் பழகிய ஆயுதத்துக்கு ஏற்பப் பகைவனைத் தள்ளவும் வீழ்த்தவும் தனித் திறன்கள் சேர்க்கப்பட்டன.

இதைக் கேட்டதும் எனக்குப் பாரதக் கதை நினைவுக்கு வந்தது. கர்ணனிடம் இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒன்று இருந்தது. தடுக்க முடியாதது, ஆனால் ஒரே முறைதான் எறியலாம். அருச்சுனனுக்கென்று அதைக் காத்து வைத்திருந்தான். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோற்கசன் மாயப் போர் புரிந்து கௌரவர் படையை அழித்தபோது, வேறு வழியின்றி அவன்மேல் எறிந்துவிட்டான். அதன்பின் கர்ணனும் வில்லையும் தோளையும் நம்பிய வீரர்களில் ஒருவனே. பரசுராமரின் சாபத்தால், உற்ற நேரத்தில் அத்திர மந்திரமும் அவனுக்கு நினைவில் நிற்கவில்லை. அத்திரத்துக்கு ஓர் அளவு உண்டு, அது தீர்ந்த பிறகும் போர் நடக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். பேத்தியிடம் இதைச் சொன்னேன். "தாத்தா, கண்ணன் அன்னைக்கு நைட்டையும் சேர்த்துச் சண்டை நடக்க விட்டாரு, அதான் காரணம்" என்றாள். அவள் என்ன கண்டுபிடித்தாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

முதலில் அவள் செய்தது எவரும் செய்யக்கூடியதே. அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, வருந்தி வரவழைத்து, அடுத்த ஞாயிறு அவனுக்குப் பழைய கல்லறை ஒன்றிலிருந்து சுடர்விடும் மந்திர வாள் கிடைக்கும்படி கதையைத் திருப்பினாள். அவன் அதை வாங்கித் தாளில் எழுதிக்கொண்டான். ஆடினான். இரண்டு பகைவரை வீழ்த்தினான். முடிவில், "நல்லாயிருக்கு. ஆனா இது வாளோட சாமர்த்தியம்தானே, பாப்பா. யார் கைல குடுத்தாலும் வெட்டும்" என்றான். அவள் முகம் வாடிவிட்டது.

அன்று மாலை என்னால் செபமாலையைக் கவனமாகச் சொல்ல முடியவில்லை. அவன் சொன்ன வார்த்தை என் மேசை இழுப்பறைக்குள் இருந்த ஒரு தாளை நினைவூட்டியது. அதைப் பற்றி இங்கே எழுதியாக வேண்டும்.

எனக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் பிறந்தது 1974 இல். இளையவன் 1979 இல். 1992 இல் எனக்குக் காசநோய் கண்டது. தாம்பரம் சானடோரியத்தில் படுத்திருந்தேன். 1928 முதல் நுரையீரல் நோயாளிகளுக்குப் புகலிடமாக இருந்துவரும் அவ்விடத்தின் மர நிழலில் அமர்ந்து, மாதத் தவணையை எப்படிக் கட்டுவது என்று கலங்கியது நினைவிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் கடன் வாங்கிச் சேலையூரில் இந்த வீட்டைக் கட்டியிருந்தேன். மூத்தவன் அப்போதுதான் மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண்களோடு தேறியிருந்தான். கல்லூரி விண்ணப்பப் படிவமும் வாங்கி வைத்திருந்தான். ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்தவன் கைகளில் கிரீசு படிந்திருந்தது. பல்லாவரத்தில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். நான் தடுக்கவில்லை. தடுக்கும் நிலையில் நான் இல்லை என்று இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லி வந்தேன்.

மாதம் 650 ரூபாய்த் தவணையை அவனே கட்டினான். நான் குணமாகிப் பள்ளிக்குத் திரும்பிய பிறகும் என் சம்பளம் இளையவன் படிப்புக்கே சரியாயிற்று. தவணை மூத்தவன் பொறுப்பிலேயே நின்றது. 2001 மே மாதம் கடன் அடைந்தது. இளையவன் அதற்கு முந்தைய ஆண்டு பொறியியல் முடித்து மென்பொருள் வேலையில் சேர்ந்திருந்தான். விசைப்பலகையில் அவன் எதையோ தட்டினால் எங்கோ ஒரு வங்கியின் கணக்கு நேராகிறது. அதுவும் எனக்கு ஒருவகை மந்திரம்தான். 2008 இல் அவன் ஒன்பது இலட்ச ரூபாய்க்கு வங்கிக் கடன் பெற்று மேல்மாடி கட்டினான். புதுமனை புகுவிழாவுக்குப் பங்குத்தந்தை வந்து மந்திரித்தார். வந்தவர் அனைவரிடமும் "இளையவன் கட்டியது" என்று நான் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். மூத்தவன் அன்று பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தான். அதற்குள் அவன் குடும்பத்தோடு முடிச்சூரில் வாடகை வீட்டுக்குப் போயிருந்தான்.

இழுப்பறையில் இருந்த தாள், பத்திர எழுத்தர் தயாரித்துத் தந்த வரைவு. வீடு முழுவதும் இளையவனுக்கு. மூத்தவனுக்கு ஒரு தொகை. நியாயமான கணக்கு என்றே நம்பினேன். 650 ரூபாய் வீதம் 108 தவணைகள். ஆக 70,200 ரூபாய். மறுபுறம் ஒன்பது இலட்சம். வட்டி சேர்த்து மூத்தவனுக்குச் சற்றுத் தாராளமாகவே எழுதச் சொல்லியிருந்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

பேத்தி என்னைப் போல் கணக்கை மூடிவிடவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து, "தப்பு என்மேலதான், தாத்தா" என்றாள். அவள் விளக்கியது இது. ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு ஒரு பகலுக்கு மொத்தம் ஒன்பது மந்திர வாய்ப்புகளே உண்டு. அவற்றுள் தீக்கோளம் போன்ற பெருமந்திரத்துக்கு உரியவை இரண்டே. எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் அனைத்தும் மீளும். வீரனுடைய வாளுக்கோ எண்ணிக்கை கிடையாது. அவனுடைய சிறப்புத் திறன்களும் ஒரு மணி நேர ஓய்வில் திரும்பிவிடும். கதை நடத்துபவருக்காக 2014 இல் வெளிவந்த நூல், ஒரு பகலில் ஆறு முதல் எட்டு இடர்கள்வரை வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறது. இவளோ ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமென்று ஒரு பகலுக்கு ஒரே பெருஞ்சண்டை வைத்தாள். சண்டை முடிந்ததும் எல்லாரும் உறங்கிவிடுவார்கள். மறுநாள் மந்திரவாதி மீண்டும் நிறைகுடம். "நான் பகலைச் சின்னதா வெச்சுட்டேன். அதனாலதான் அண்ணனுக்கு வேலை இல்லாமப் போச்சு. அது மட்டும் இல்ல, மொதல் லெவல்ல அண்ணன் முன்னாடி நிக்கலன்னா அவ அஞ்சாவது லெவலுக்கே வந்திருக்க மாட்டா. அதை யாரும் இப்ப ஞாபகம் வெச்சுக்கல."

அவள் தன் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினாள். வரைவுத் தாளைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நான்கு ஞாயிறுகளும் கதையில் ஒரே பகல். அவள் வரைந்த நாட்டில் ஏரிகள் நிறைந்து உடையும் தறுவாயில் இருந்தன. ஊர் மக்களை ஒவ்வொரு தெருவாக வெளியேற்ற வேண்டும். உறங்க நேரம் கிடையாது. அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். 2015 இறுதியில் பெய்த பெருமழையில் அடையாற்றின் மேற்பகுதி ஏரிகள் நிரம்பி வழிந்து, முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின அல்லவா? அப்போது மூத்தவன் வீட்டிலும் மார்பளவு தண்ணீர். தொலைபேசிகள் செயலிழந்தன. இங்கே இளையவன் கணினி முன்னும் கைப்பேசி முன்னும் இரவெல்லாம் தவித்தான். ஒரு செய்தியும் கிட்டவில்லை. அங்கே மூத்தவன் தன் மகனை மாடியில் விட்டுவிட்டு, தெருவிலிருந்த முதியோரையும் குழந்தைகளையும் இரண்டு நாள் தோளில் சுமந்து கரைசேர்த்துக்கொண்டிருந்தான். இதை அவன் எங்களிடம் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் தெரிந்தது. அப்போது பதினொரு வயதுச் சிறுவனாக மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் இந்தப் போர்வீரன்.

முதல் ஞாயிறு மந்திரவாதி வழக்கம்போல் ஒரு தீக்கோளத்தைச் செலவிட்டாள். இரண்டாம் ஞாயிறு மற்றொன்று. அதன்பின் எண்ணி எண்ணிச் செலவழிக்கத் தொடங்கினாள். மூன்றாம் ஞாயிறு முடிவில் அவள் தாளில் ஒன்பது கட்டங்களும் அடிக்கப்பட்டிருந்தன. குருவானவரின் செபங்களும் தீர்ந்துவிட்டன. வீரன் மட்டும் காயங்களோடு, ஆனால் குறையாமல் நின்றான்.

நான்காம் ஞாயிறு ஏரியின் மதகுக்கு வந்தார்கள். மதகுக் கதவு சிக்கிக்கொண்டது. அதைத் தூக்கினால் நீர் வடிந்து கரை பிழைக்கும். வீரனின் வலிமைக்கு ஏழு; இருபதை எட்ட வேண்டும்; ஆகவே பகடையில் பதின்மூன்றாவது விழ வேண்டும். மேசையைச் சுற்றி மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவன் உருட்டினான். சரியாகப் பதின்மூன்று.

"தூக்கிட்டேன்" என்றான். "ஆனா எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்கறது?"

அப்போது மந்திரவாதியாக ஆடும் பெண், தன் கைத்தடியைக் கதவுக்கு அடியில் முட்டாகக் கொடுப்பதாகச் சொன்னாள். மந்திரம் சொல்ல உதவிய அதே தடி. பேத்தி சற்று யோசித்துவிட்டு, தடி முறியாமல் தாங்குகிறது என்று தீர்ப்புச் சொன்னாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பேரன் கைதட்டவில்லை, தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். புறப்படும்போது, "அடுத்த வாரம் பத்து நிமிஷம் லேட்டா வருவேன், ஆரம்பிச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று இரவு பழைய வரவு செலவு நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். 1992 சூன் முதல் ஒவ்வொரு மாதமும் என் கையெழுத்திலேயே "தவணை 650, மூத்தவன்" என்றிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அதே வரி. நானோ ஒரு குடும்பத்தின் நெடும்பகலை 2008 இல் ஒன்பது இலட்சம் வந்த ஒரே நாளாகச் சுருக்கி வைத்துக்கொண்டு நியாயம் பேசியிருக்கிறேன். முதல் தவணைகள் தவறியிருந்தால் மேல்மாடி கட்டுவதற்குக் கீழே வீடே இருந்திருக்காது. இளையவனின் கல்லூரிக் கட்டணமும் இருந்திருக்காது. கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருந்தது. எந்த நாளிலிருந்து கணக்கைத் தொடங்குவது என்பதில்தான் நான் பிழை செய்துவிட்டேன்.

இளையவனிடம் முதலில் பேசினேன். அவன் நல்லவன். எனினும் முகம் சுருங்கியது. "மேல்மாடிக் கடனை இன்னும் கட்டிக்கிட்டிருக்கேன்பா" என்றான். அதுவும் உண்மையே. ஒருவனைத் தாழ்த்தி மற்றவனை உயர்த்துவது சமநிலை ஆகாது என்பதையும் அந்த மேசையில்தான் கற்றிருந்தேன். அவன் முன் நோட்டுகளை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு வந்து, "அண்ணன் காலேஜ் ஃபார்ம் வாங்கி வெச்சிருந்தது எனக்குத் தெரியாதுப்பா" என்று மட்டும் சொன்னான். மேல்தளம் அவனுக்கு, கீழ்த்தளம் மூத்தவனுக்கு, மனையில் ஆளுக்குப் பாதி என்று புதிய வரைவு எழுத அவனே என்னைப் பத்திர எழுத்தரிடம் அழைத்துச் சென்றான்.

பிறகு பெருங்களத்தூர் போனேன். மூத்தவன் வாசலில் நின்று தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். செய்தியைச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்குப்பா இப்ப" என்றான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் சொற்களை விற்றுப் பிழைத்தவன், ஒரு சொல்லும் வராமல் நோட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். முதல் பக்கத்தைப் பார்த்தான்; புரட்டினான்; நெடுநேரம் புரட்டினான்.

"மாசாமாசம் எம்பேரை எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றான்.

"ஆமாம்."

"எனக்குத் தெரியாதே."

வீட்டைப் பற்றி அவன் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. புறப்படும்போது நோட்டைத் திருப்பித் தரவுமில்லை. "இது இங்கயே இருக்கட்டும்பா" என்றான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகனை வண்டியில் அழைத்துக்கொண்டு அவனும் சில வேளைகளில் வருகிறான். விளையாட்டு அவனுக்குப் புரிவதில்லை. என்னருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறான். பேரனும் தோழர்களும் இப்போது ஏழாம் நிலையில் இருக்கிறார்கள். மந்திரவாதி இன்னும் வலிமை பெற்றுவிட்டாள், இனியும் பெறுவாள். அதனால் பேத்தி ஒவ்வொரு வாரமும் பகலை எவ்வளவு நீட்டுவது என்று முந்திய இரவே உட்கார்ந்து கணக்கிடுகிறாள். அது ஒரு முறை செய்து முடித்துவிடும் வேலை இல்லையாம்.